மெல்லிய நூலில் டாய்லி: கையை அளந்த பிறகே கோலம்

புத்தகத்தில் இருக்கும் டாய்லியை, அதாவது மேசையில் விரிக்கும் லேசு விரிப்பை, எண்ணிக்கை பிசகாமல் போட்டும், அது மேசையில் படியாமல் நடுவில் இட்லித் தட்டுக் குழிபோல் உள்வாங்கியோ, ஓரத்தில் கொசுவம் வைத்ததுபோல் அலையலையாகவோ நிற்பது குரோஷா (கொக்கி ஊசியால் பின்னும் நூல் வேலை) போடுகிற பலருக்கும் நேர்ந்திருக்கும். எனக்கும் முதல் இரண்டு டாய்லிகள் அப்படித்தான் அமைந்தன. எண்ணியதில் தவறில்லை, அந்த எண்ணிக்கை அதை எழுதியவரின் கை இழுப்புக்குப் பொருந்துவது, நம் கைக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே சொந்தமாக ஒரு டாய்லியை வடிவமைக்க விரும்புகிறவர் பூவையும் இலையையும் வரைவதற்கு முன் தம் கையை அளந்துகொள்ள வேண்டும்.

குரோஷா நூலின் எண் கூடக்கூட நூல் மெலிகிறது. 10 எண் நூல் தடித்தது, 20 நடுத்தரமானது, 40 எண்ணில் லேசுக்குரிய மென்மை வரும், 80 எண் நூல் ஏறத்தாழ தையல் நூலைப் போலவே இருக்கும். மெல்லிய நூலுக்குப் புதியவர் 20இல் தொடங்கி 40க்கு வருவது நல்லது. ஊசி எஃகில் இருக்க வேண்டும்: 20 எண்ணுக்கு 1.25 மி.மீ., 40 எண்ணுக்கு 1 மி.மீ. பொருந்தும், இறுக்கிப் போடுகிற கையாக இருந்தால் ஒரு படி பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளலாம். ஊசிகளின் எண் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. நூல் மெர்சரைஸ் செய்த (காரக் கரைசலில் பதப்படுத்திய) பருத்தியாக இருந்தால் துவைத்த பின்னும் பளபளப்பும் முறுக்கும் குலையாது. வெள்ளை நூலில் போடும்போது மடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்துக்கொண்டால் கண்ணிகள் தெளிவாகத் தெரியும். கண் வலியும் குறையும்.

பெயர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் சிங்கிள் என்பது நூலை ஊசியில் சுற்றாமல் போடும் குட்டைக் கண்ணி. டபுள் என்பது ஒருமுறை சுற்றிப் போடும் உயரக் கண்ணி. இவை அமெரிக்கப் பெயர்கள். பழைய ஆங்கிலேயப் புத்தகங்கள் அதே குட்டைக் கண்ணியை டபுள் என்றும், உயரக் கண்ணியை டிரெபிள் என்றும் சொல்லும். இது தெரியாமல் ஒரு பழைய புத்தகத்தின் டிரெபிளை இரண்டு சுற்றுச் சுற்றி நீளமாகப் போட்டு, ஒரு முழு நூல் உருண்டையை வீணாக்கியிருக்கிறேன்.

இனி அளவு. எடுத்துக்கொண்ட நூலிலும் ஊசியிலும் 30 டபுள் அகலத்துக்கு ஆறு வரிசை போட்டு, நனைத்து, இழுக்காமல் உலரவிட்டு, நடுவிலுள்ள 20 கண்ணிகளின் அகலத்தையும் நான்கு வரிசைகளின் உயரத்தையும் அளக்க வேண்டும். 40 எண் நூலில் 1 மி.மீ. ஊசியால் போட்டபோது என் கையில் 20 கண்ணி 36 மி.மீ. வந்தது, நான்கு வரிசை 18 மி.மீ. வந்தது. அதாவது ஒரு கண்ணியின் அகலம் 1.8, உயரம் 4.5. வட்டத்தில் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஆரம் 4.5 மி.மீ. கூடுகிறது, ஆகவே சுற்றளவு அதைப்போல் 6.28 மடங்கு, அதாவது 28.3 மி.மீ. கூடியாக வேண்டும். அதை 1.8ஆல் வகுத்தால் 15.7 கிடைக்கும். என் கைக்குச் சுற்றுக்கு 16 கண்ணி கூட வேண்டும் என்பது இப்படித்தான் தெரிந்தது. கம்பளி நூலில் டபுளின் உயரம் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதால், சுற்றுக்கு 12 என்ற வழக்கமான கணக்கு அங்கே சரியாக வருகிறது. அதையே மெல்லிய நூலுக்கும் கொண்டுவந்தால் டாய்லி தொப்பியாகிவிடும்.

நடுவளையத்துக்கும் ஆரம் உண்டு. எட்டுச் செயின் (சங்கிலிபோல் தொடரும் கண்ணி) போட்டு ஸ்லிப் கண்ணியால் (உயரமில்லாமல் இணைக்க மட்டும் போடும் கண்ணி) இணைத்த வளையம் சுமார் 2 மி.மீ. ஆரம் கொண்டது, அது ஏழெட்டுக் கண்ணிக்கு இடம் தருகிறது. எனவே முதல் சுற்றில் 24, அடுத்ததில் 40, பிறகு 56 என்று ஏறும். வட்டத்தை எட்டுப் பங்காகப் பிரித்தால் பங்குக்கு 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகவே போகும். ஒற்றைப்படையாக இருப்பதால் பங்கின் நடுவில் எப்போதும் ஒரு கண்ணி நிற்கும், பூவின் உச்சியை அதன்மேல் வைக்கலாம். பத்தாம் சுற்றில் பங்குக்கு 21 இடம், 20 செ.மீ. விட்டமுள்ள டாய்லிக்கு 22 சுற்று, கடைசியில் பங்குக்கு 45 இடம். இடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: லேசில் எல்லா இடத்திலும் கண்ணி இருக்காது, செயின் இருக்கும், வெற்றிடம் இருக்கும். ஆனால் அவையும் அந்த இடத்தை அடைத்தாக வேண்டும். ஒரு செயின் சுமாராக ஓர் இடம். வளைந்து தொங்கும் ஐந்து செயின் என் கையில் நான்கு இடம்தான் அடைக்கிறது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, காம்பஸால் ஒரே மையத்தில் 22 வட்டங்கள் போட்டு, எட்டில் ஒரு பங்கை மட்டும் வரைந்தால் போதும். முழு வட்டத்தையும் வரைவது வீண் வேலை.

அன்னாசிப்பழ வடிவத்தை எடுத்துக்கொள்வோம். எட்டுச் சுற்றுவரை டபுளும் செயினும் மாறிமாறி வரும் எளிய வலை போதும். ஒன்பதாம் சுற்றில் பங்குக்கு 19 இடம். பங்கின் நடுவில் ஒரே செயின் இடைவெளிக்குள் எட்டு டபுள். இது அன்னாசியின் அடி. பங்கின் எல்லையில் ஒரு சிப்பி: இரண்டு டபுள், இரண்டு செயின், இரண்டு டபுள், எல்லாம் ஒரே இடைவெளிக்குள். இரண்டுக்கும் இடையே பக்கத்துக்கு இரண்டு செயின். கூட்டினால் 18 வருகிறது. ஓர் இடக் குறைவைக் கழுவி விரிக்கும்போது இழுத்துக்கொள்ளலாம். பத்தாம் சுற்றில் அந்த எட்டு டபுள்களின் மேல் சிங்கிளும் மூன்று செயினுமாக ஏழு வளைவுகள் அமையும். அடுத்தடுத்த சுற்றுகளில் வளைவு 6, 5, 4 என்று குறைந்து, 16ஆம் சுற்றில் ஒன்றாகி அன்னாசி கூராக முடியும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு வளைவு சுமார் இரண்டு இடம். ஆகவே அன்னாசி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடம் சுருங்குகிறது. அதே சுற்றில் பங்கு இரண்டு இடம் விரிகிறது. இந்த நான்கு இடத்தையும் அன்னாசிக்கு வெளியே நிரப்பாவிட்டால் டாய்லி உடனே குழிய ஆரம்பிக்கும். 11ஆம் சுற்றில் பக்கச் செயின்கள் அதைத் தாங்கும். 12இல் சிப்பியின் நடுவில் இன்னும் ஒரு ஜோடி டபுளையும் இரண்டு செயினையும் சேர்க்க வேண்டும். 13இல் அது இரண்டு சிப்பியாகப் பிரிந்துவிடும். அவற்றுக்கு இடையே மூன்று செயின், அடுத்த சுற்றில் ஐந்து, பிறகு அங்கே வலை. 17ஆம் சுற்றில் அன்னாசியின் இருபுறச் சிப்பிகளும் அதன் உச்சிக்கு மேல் சேரும். மீதிச் சுற்றுகளில் ஐந்து செயின் வளைவுகளும், கடைசியில் மூன்று செயினை மடித்து ஸ்லிப்பால் பூட்டிய பிக்காட் ஓரமும் போதும். ஓரத்தில் அதற்குமேல் அலங்காரம் ஏறினால் அன்னாசி எடுபடாது.

மெர்சரைஸ் நூல் வழுக்கும் என்பதால், இழுத்துச் சுருக்கும் மாய வளையத்தை நான் நடுவில் பயன்படுத்துவதில்லை. இரண்டு சலவைக்குப் பின் அது நெகிழ்ந்து ஓட்டையாகிவிடுகிறது. வளைவுகளால் ஆன சுற்றை முடிக்கும்போது, கடைசி வளைவில் ஐந்து செயினுக்குப் பதில் இரண்டு செயின் போட்டு, முதல் சிங்கிளில் ஒரு டபுளால் இணைத்தால் ஊசி வளைவின் உச்சியிலேயே வந்து நிற்கும். அடுத்த சுற்றை அங்கிருந்தே தொடங்கலாம், இணைப்புத் தழும்பும் தெரியாது.

மூன்று சுற்றுக்கு ஒருமுறை மேசையில் வைத்து உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். லேசான குழிவை ஈரத்தில் இழுத்துச் சரிசெய்துவிடலாம். அலையைச் சரிசெய்ய முடியாது, அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த அலைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பது வேறு கதை: கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதவியலர் 1997இல், ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணியைக் கூட்டிக் குரோஷாவிலேயே அதிபரவளையத் தளத்தின் (எங்கும் அலையலையாக விரிந்துகொண்டே போகும் பரப்பின்) மாதிரியைச் செய்து காட்டினார். மேசை டாய்லிக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

முடித்த டாய்லியை மென்மையான சோப்பு நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்ற வேண்டும். தெர்மகோல் பலகையில் வட்டங்களும் எட்டுக் கோடுகளும் பென்சிலால் வரைந்த தாளை வைத்து, அதன்மேல் தெளிந்த பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, துருப்பிடிக்காத குண்டூசிகளால் முதலில் நடுவையும், பிறகு எட்டு அன்னாசி உச்சிகளையும், கடைசியாக ஒவ்வொரு பிக்காட்டையும் குத்த வேண்டும். ஓரத்தை முதலில் குத்துகிறவர்களுக்கு நடு கோணிவிடும். விறைப்பு வேண்டுமென்றால் நீர்த்த ஜவ்வரிசிக் கஞ்சியை வடிகட்டி அதில் நனைத்த பிறகு குத்தலாம்; சோற்றுக் கஞ்சியில் பருக்கைத் துகள் கண்ணிகளில் அடைத்துக்கொள்ளும். சர்க்கரைப் பாகில் விறைக்க வைக்கும் மேல்நாட்டு முறை நம் வீடுகளில் எறும்பைத்தான் அழைக்கும். நெடுநாள் எடுத்துவைக்கப்போகும் டாய்லியாக இருந்தால், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் கஞ்சிக்கு வருமாதலால், கஞ்சியை அலசிப் போக்கிவிட்டு, மடிக்காமல் ஒரு அட்டைக் குழலில் சுற்றிப் பழைய பருத்தித் துணியால் மூடி வைக்க வேண்டும்.