ஆச்சி சொல்லித்தந்த வாசல் கோலம்

கடையில் கோலப்பொடி வாங்கும்போதே கோலத்தின் அர்த்தத்தில் பாதி போய்விடுகிறது. பெரும்பாலும் அது கல்மாவு, எறும்பு சீண்டாது. நாம் போடுகிற அரிசிமாவு எறும்புக்கும் குருவிக்கும் அன்றைய முதல் சாப்பாடு என்பாள் ஆச்சி. அதனால் இரண்டு கை பச்சரிசியை ரவை மாதிரி உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். நைஸாக அரைத்தால் விரலில் ஒட்டிக்கொண்டு கோடு திட்டுத்திட்டாக விழும்.

வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளியுங்கள், சாணம் கிடைத்தால் கரைத்து. ஈரம் முழுக்கக் காய்வதற்குள் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மாவு காற்றோடு போய்விடும்.

நடுவில் 5 புள்ளி. மேலேயும் கீழேயும் இடைப்புள்ளியாக, அதாவது முந்தின வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒன்றாக, 4, 3. மொத்தம் 19. மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, தரையைத் தொடாமல் விட்டுக்கொண்டே போங்கள். முதல் மாதம் என் கோடு புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. ஆச்சி சிரித்தாள், அழிக்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் சுற்றிச் செம்மண் பட்டை. மார்கழியில் சாண உருண்டையில் பூசணிப்பூ.

சாவு வீட்டிலும், திதி கொடுக்கும் அன்றைக்கும் கோலம் கிடையாது. வெறும் வாசலே தெருவுக்குச் சேதி சொல்லிவிடும். தாத்தா போன மறுநாள் தபால்காரர் வழக்கம்போலக் குரல் கொடுக்கவில்லை. வாசலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கடிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.