தண்ணீருக்கு அடியில் கூட்டாளியைத் திரும்பிப் பார்க்க வைப்பது எப்படி

புதுச்சேரிக் கடலில் ஒரு நாள் ஸ்கூபா டைவிங் செய்துகொண்டிருந்தபோது, 14 மீட்டர் ஆழத்தில், என் வலது கால் ஃபின்னின் (நீந்த உதவும் துடுப்புக் காலணியின்) பட்டை கழன்றுவிட்டது. மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத கலங்கல். கூட்டாளி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், நான் ஷேக்கரை (ஆட்டினால் உள்ளே உருண்டைகள் கிலுகிலுக்கும் சிறு குழல்) எடுத்து விடாமல் ஆட்டினேன், அவர் நின்றார், இடது பக்கம் பார்த்தார், மேலே பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பின்னால் மட்டும் பார்க்கவில்லை. சத்தம் நன்றாகவே கேட்டது, எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை என்று படகில் ஏறியதும் சொன்னார்.

அவர் மேல் தப்பு இல்லை. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், கடல் நீரில் சுமார் 1,500 மீட்டர். இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்வதில் இருக்கும் சிறு நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. தண்ணீரில் அந்த வித்தியாசம் கால் பங்குக்கும் கீழே போய்விடுவதால் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவது போலவே இருக்கும். அதனால் எந்தக் கருவியை வாங்கினாலும் அது 'யாரோ கூப்பிடுகிறார்கள்' என்று மட்டும்தான் சொல்லும். யார், எங்கே, எதற்கு என்பதையெல்லாம் படகிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

நாங்கள் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது: மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு என்றால் 'என்னைப் பார்'. நிறுத்தாமல் தட்டினால் அவசரம். கேட்டவர் முதலில் பின்னால் திரும்ப வேண்டும், அப்புறம் ஒரு முழுச் சுற்று, கடைசியில் மேலும் கீழும். இடைவெளி விட்டுத் தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர் மூச்சு விடும்போது குமிழிச் சத்தம் காதை அடைத்துவிடும், விட்டு விட்டுத் தட்டினால் ஏதாவது ஒரு தட்டு குமிழி அடங்கிய நேரத்தில் போய் விழும். தலையையும் காதையும் மூடும் தடித்த ஹூட் போட்டிருந்தால் இன்னும் மந்தமாகத்தான் கேட்கும். அடுத்த குழுவும் அதே தாளத்தில் தட்டினால் குழப்பம்தான், அதையும் இறங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவி என்று பார்த்தால், முதலில் நான் சொல்வது டேங்க் பேங்கர். முதுகில் இருக்கும் காற்று டேங்கைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதில் ஒரு கெட்டியான பந்து, கையைப் பின்னால் கொண்டுபோய் இழுத்து விட்டால் 'டங்'. விலை குறைவு, பேட்டரி வேண்டாம், தொலைந்தும் போகாது. ஆனால் கை எட்டுகிற உயரத்தில் மாட்டியிருக்கிறதா என்று முழுக் கிட்டையும் போட்டுக்கொண்டு படகிலேயே ஒரு முறை இழுத்துப் பாருங்கள், தரையில் எட்டுகிற கை கடலுக்குள் பல நேரம் எட்டுவதில்லை. ஷேக்கரும் நல்லதுதான், அதைத் தொங்க விடாமல் மார்புப் பக்க வளையத்தில் இறுக்கி மாட்டுங்கள், பவளத்தில் உரசினால் பவளம் உடையும். எதுவுமே இல்லையென்றால் உலோகக் கேரபினரால் (சாமான் மாட்டும் கொக்கியால்) டேங்கைத் தட்டினாலே போதும். மிதவைச் சட்டைக்குக் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் குழாயில் இணைக்கும் ஹார்ன் மிகச் சத்தமானது, ஆனால் அது உங்கள் டேங்க் காற்றில் ஓடுகிறது. காற்று தீர்ந்த நேரத்தில் அதுவும் ஊமை.

இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் டார்ச்சுக்கு இணை இல்லை, ஏனென்றால் ஒளி வருகிற திசை தெரியும். வெளிச்சத்தைக் கூட்டாளியின் முகத்தில் அடிக்காமல், அவர் பார்த்துக்கொண்டிருக்கும் மணல் மேல் விழ வையுங்கள். மெதுவாக வட்டம் போட்டால் ஓகே, பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் உடனே கவனி என்று அர்த்தம்.

ஒவ்வொரு மீனுக்கும் ஷேக்கரை ஆட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். பத்து முறை சும்மா கூப்பிட்டால் பதினொன்றாவது முறை யார் திரும்புவார்கள்? மீனும் ஓடிவிடும்.

காற்று தீர்ந்துவிட்டால் தட்டிக்கொண்டு நிற்கவே வேண்டாம், நேராக அவரிடம் நீந்திப் போங்கள். அதற்கு அவர் இரண்டு மூன்று உதைப்புத் தூரத்தில் இருக்க வேண்டும், கலங்கல் தண்ணீரில் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றை இழுத்துத்தான் தோணியில் இருப்பவருக்குச் சேதி சொன்னார்கள், சத்தத்தை நம்பவில்லை.

ஆளையே காணவில்லையா? சுற்றிலும் பாருங்கள், குமிழிகள் மேலே போகின்றனவா என்று பாருங்கள், தட்டுங்கள், ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். பயிற்சியில் சொன்ன வேகத்தில் மேலே வாருங்கள், அவரும் அதையே செய்வார் என்று முன்பே பேசியிருந்தால் மேலே சந்தித்துவிடலாம். விசில் மேல்மட்டத்துக்கு மட்டும்தான்.

இப்போதெல்லாம் நாங்கள் இறங்கிய உடனே, ஐந்து மீட்டரில், ஒருவர் முதுகைக் காட்டி நிற்க இன்னொருவர் மூன்று முறை தட்டுகிறோம். திரும்பினால்தான் மேற்கொண்டு இறங்குவோம்.