கார் இல்லாமல் மலையடிவாரம்: நெல்லையிலிருந்து பஸ்ஸில் போய் நடந்து திரும்ப

பஸ்ஸில் போய் மலையில் நடக்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அடிவாரத்திலிருந்து திரும்பும் கடைசி வண்டியின் நேரம். அது தெரிந்ததும், அதற்கு முந்தைய வண்டியை உங்கள் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டியைக் கையிருப்பாக விட்டுவிடுங்கள். டிரைவர் வரவில்லை, வண்டி பழுது, திருச்செந்தூர் திருவிழாவுக்குச் சிறப்புப் பஸ் போய்விட்டது என்று எந்தக் காரணம் வந்தாலும் முதலில் ட்ரிப் கட் ஆவது கூட்டம் குறைந்த சாயங்கால வண்டிதான்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அடிவார ஊர்கள் பலவற்றுக்கு இரவில் வரும் கடைசி வண்டி அங்கேயே நைட் ஹால்ட் போட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலையில் முதல் வண்டியாகக் கிளம்பும். “கடைசி வண்டி எட்டரைக்கு” என்று ஊர்க்காரர் சொல்வது, ஊருக்குள் வரும் வண்டியாக இருக்கலாம். அது உங்களை வெளியே கொண்டுபோகாது. அதனால் கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள்: “அண்ணாச்சி, இங்க இருந்து திருநவேலிக்குப் போற கடைசி வண்டி எப்ப எடுக்கும்? அதுக்கு முந்துன வண்டி எப்ப?” இதை இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். காலையில் இறங்கும்போது கண்டக்டரிடம் ஒரு தடவை, ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில் ஒரு தடவை. போர்டில் எழுதிப் போட்டிருக்கும் நேரம் பழசாக இருக்கலாம். டீக்கடைக்காரருக்கு அன்றாடம் எந்த வண்டி வருகிறது, எது வாரத்தில் பாதி நாள் வருவதில்லை என்பது வரை தெரியும்.

கடைசிக்கு முந்தைய வண்டி 4 மணிக்கு என்றால் 3.30க்கு ஸ்டாப்பில் நிற்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். சமதளத்தில் மணிக்கு 4 கி.மீ., ஏற்றத்தில் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 10 நிமிடம் கூடுதல். நம் வெயிலுக்கு மணிக்கு ஒரு முறை 10 நிமிடம் நிழலில் உட்காரவும் நேரம் ஒதுக்க வேண்டும். இன்னொன்று, நம் பக்கம் மலை மேற்கே இருக்கிறது. ஊரில் ஆறு, ஆறரைக்கு அடையும் சூரியன் அடிவாரத்தில் அதற்கு வெகுமுன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். மரங்களுக்குக் கீழே நாலரை மணிக்கே மங்கல். கரடியும் யானையும் நடமாடத் தொடங்கும் நேரமும் அதுதான்.

எந்த வண்டியில் ஏறுவது

வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், வண்டிகளும் அதிகம். பாபநாசம், தென்காசி, வள்ளியூர், களக்காடு எல்லாத் திசைக்கும் அங்கிருந்து போகலாம். பாபநாசம் வண்டி சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை (அம்பாசமுத்திரம்), வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்) வழியாகப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்பை வரைக்கும் ரயிலில் போவது இன்னும் நல்லது. செங்கோட்டை பாசஞ்சர் கல்லிடைக்குறிச்சி, அம்பை, ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம், பாவூர்சத்திரம் என்று மலையை ஒட்டியே போகிறது. 2012இல் அகலப்பாதை ஆன பிறகு வேகமும் கூடிவிட்டது. ஸ்டேஷனில் இறங்கிப் பஸ்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்.

நாகர்கோவில் வண்டியில் ஏறி வள்ளியூரிலோ நாங்குநேரியிலோ இறங்க நினைப்பவர்கள், படியில் கால் வைக்கும் முன்பே “வள்ளியூர் உள்ள போகுமா?” என்று கேட்டுவிட வேண்டும். நாலுவழிச்சாலையிலேயே நேரே போய்விடும் வண்டிகள் இருக்கின்றன. ஏறியபின் கேட்டால் பைபாஸில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஊருக்குள் நடந்து வருவதற்குள் திருக்குறுங்குடி வண்டி போயிருக்கும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். அம்பை, வி.கே.புரம், பாபநாசம் சுற்றுவட்டாரத்தில் டவுன் பஸ்ஸாகப் பார்த்து மாறிப் போனால் செலவு வெகுவாகக் குறையும், நேரம் கூடும். சில்லறை கொண்டுபோங்கள். விடியற்காலை முதல் ட்ரிப்பில் கண்டக்டரின் பையில் எதுவும் சேர்ந்திருக்காது.

முதல் நடைக்குத் தோரணமலை

தென்காசி–கடையம் சாலையில் இருக்கும் முருகன் கோயில் மலை. சித்தர்களான அகத்தியரும் தேரையரும் இருந்த இடம் என்று ஊர் நம்புகிறது. கோயிலுக்குப் பாதை பிரியும் தோரணமலை விலக்கில் இறங்கி அடிவாரம் வரை நடந்து, சுமார் ஆயிரம் படிகள் ஏற வேண்டும். பாதை தவறவே வாய்ப்பில்லை, துணைக்கு ஆள் இருக்கும், ஓரளவு வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். வெயில் ஏறினால் பாறை சுடும் என்பதால் ஏழு, ஏழரைக்குள் ஏறத் தொடங்குங்கள். மேலிருந்து கிழக்கே பார்த்தால் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போவது தெரியும். ஒரு குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும் அமைப்பை இவ்வளவு தெளிவாகப் பார்க்க வேறு நல்ல இடம் இல்லை.

கார் இல்லாததன் அருமை இங்கே புரியும். வந்த வழியே திரும்ப வேண்டிய கட்டாயம் கிடையாது. ரயிலில் அம்பை வந்து, தென்காசி வண்டியில் விலக்கில் இறங்கி, மலை ஏறி இறங்கியபின் தென்காசி போய் அங்கிருந்து நெல்லைக்குத் திரும்பலாம்.

மலை நம்பி

நடப்பவர்களுக்கு நெல்லைச் சீமையில் இதைவிட நல்ல ஒருநாள் பாதை இல்லை என்றே சொல்வோம். திருக்குறுங்குடியில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் மூன்று நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என்று ஐந்து நம்பிகள் (இங்கே பெருமாளுக்கு நம்பி என்று பெயர்). கடைசியவர் இருப்பது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். ஊரிலிருந்து கோயில் வரை ஏழெட்டு கி.மீ.

வள்ளியூரிலிருந்தோ, நாங்குநேரி–ஏர்வாடி வழியாகவோ, களக்காட்டிலிருந்தோ திருக்குறுங்குடிக்கு வரலாம். ஊரிலிருந்து மேற்கே வயலும் குளமுமாகப் போகும் சாலையை நடந்தே கடக்கலாம், ஆட்டோவும் கிடைக்கும். எங்கள் யோசனை: போகும்போது அடிவாரம் வரை ஆட்டோ, வரும்போது நடை. காலையின் குளிர்ந்த நேரத்தைத் தார்ச்சாலையில் செலவழிக்காமல் காட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வனத்துறை செக்போஸ்ட்டில் பெயர் எழுதி, பையைத் திறந்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில், கேரி பேக், மது, தீப்பெட்டி எதுவும் உள்ளே போகாது. பிஸ்கட்டைக்கூட வீட்டிலேயே பிரித்துச் சம்புடத்தில் போட்டுக் கொண்டுவாருங்கள். செக்போஸ்ட்டுக்கு மேலே ஜீப் போகும் கல்பாதை. உருண்டைக் கல் பெயர்ந்து கிடக்கும். ஏறும்போது ஒன்றும் செய்யாது. இறங்கும்போது கால் மடங்குவது இந்தக் கல்லில்தான். அடி எட்டிப் போடாமல், முழங்காலைச் சற்று மடக்கி, குதிகால் முதலில் படாமல் முழுப் பாதமும் படும்படி வையுங்கள். புது ஷூ வேண்டவே வேண்டாம், இரண்டாவது கி.மீட்டரிலேயே குதிகால் கொப்பளிக்கும். பின்வார் உள்ள, அடிப்பாகம் தேயாத சாண்டல் போதும்.

நேரக் கணக்கு இப்படி: ஊரிலிருந்தே நடந்தால் 8 கி.மீ.க்கு 2 மணி, ஏற்றத்துக்கும் கல்லுக்கும் சேர்த்து 1 மணி. கோயிலும் நம்பியாற்றுக் குளியலும் ஒன்றரை மணி. இறக்கம் இரண்டேகால். ஓய்வையும் சேர்த்தால் எட்டு மணி நேரம் ஆகிவிடும். 7 மணிக்குத் தொடங்கினால் 3 மணிக்கு ஊர். அதற்குள் முடியாது என்று தோன்றினால் ஏறும்போதே பாதியில் திரும்பிவிடுங்கள்.

சனிக்கிழமை, அதிலும் புரட்டாசிச் சனி, ஜீப்புகள் வரிசையாக ஏறும். புழுதி தாங்காது. சாமி கும்பிட அந்த நாள், நடக்க வேறு நாள். ஆற்றில் பெரும்பாலும் அடிபடுவது பாசி பிடித்த பாறையில் வழுக்கித்தான், நீச்சல் தெரிந்தவர்களும் இதில் சேர்த்தி.

காரையாறு, சொரிமுத்தையனார்

பாபநாசத்திலிருந்து காரையாறு வண்டியில் ஏறினால் காப்பகத்தின் நடுவே போகலாம். சொந்த வண்டிக்கான அனுமதிச் சீட்டு வேலை இல்லை, செக்போஸ்ட்டில் பையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சாலை நடப்பதற்கான சாலை அல்ல. சொரிமுத்தையனார் கோயிலில் இறங்கலாம், அங்கேயே இருந்து அடுத்த வண்டியில் ஏறலாம். இடையில் “ரெண்டு கி.மீ.தானே” என்று நடக்கக் கூடாது. வண்டிகள் குறைவான ட்ரிப்தான் என்பதால், இறங்கும்போதே திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் முன்னால் ஓடும் ஆறு காரையாறு அணைக்குக் கீழே இருப்பது. மழையே இல்லாத நாளிலும் மேலே தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறும். பாறை நடுவே துணியை வைத்துவிட்டுக் குளிக்காதீர்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் சிறப்புப் பஸ் நிறைய ஓடும், கூட்டமும் அப்படியே.

அகத்தியர்கூடம் (1,868 மீட்டர்) ஏற ஆசைப்படுபவர்கள் நம் பக்கத்திலிருந்து முயல வேண்டாம். அதற்கு வழி திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காட்டிலிருந்து, கேரள வனத்துறை அனுமதியோடு. காட்டுக்குள் வழிகாட்டியோடு நடக்க விரும்பினால் தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் ஆன்லைனில் பதிவு செய்யலாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீக்குப் பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவதை வனத்துறை எளிதாக விடுவதில்லை, விடவும் கூடாது. கோடையில் தீக்காலத்திலும், புலிக் கணக்கெடுப்பு நடக்கும்போதும் காப்பகம் மூடப்படும். கிளம்புமுன் செய்தியைப் பாருங்கள்.

காடு மூடியிருக்கும் நாளுக்குக் கன்னடியன் கால்வாய் இருக்கிறது. ஜூனில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த பிறகு, கல்லிடைக்குறிச்சியில் இறங்கிக் கரையோடு வீரவநல்லூர் பக்கம் நடங்கள். இரண்டு முனையிலும் ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. களைத்துப்போனால் எந்த ஊரிலும் சாலைக்குத் திரும்பி வண்டி ஏறலாம்.

பையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில். அதில் 1 லிட்டரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளுங்கள், தேக்கரண்டி தலை தட்டி இருக்கட்டும். உப்பு கூடினால் கெடுதல். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே வெயிலில் ஏறுபவருக்குத்தான் மதியத்துக்கு மேல் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் வரும். சாப்பாட்டுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தேங்காய்ச் சட்னி பத்து மணிக்கே ஊசிவிடும். குரங்கு இருக்கும் இடத்தில் பையைத் தரையில் வைக்காதீர்கள், வாய்திறந்த துணிப்பையும் வேண்டாம்.

சாரல் காலத்தில் அட்டை ஏறும். காலுறைக்கு வெளியே வேப்பெண்ணெய் தடவினால் ஓரளவு தடுக்கும், நனைந்தால் திரும்பத் தடவ வேண்டும். கடித்த அட்டையைப் பிடுங்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளிவிடுங்கள். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்பதால் ஒழுகிக்கொண்டே இருக்கும். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

மழையைத் தலைக்கு மேல் மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் நிற்கும் இடம் காய்ந்திருக்கும், மலை உச்சியில் கொட்டியிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது, அது கோடை விடுமுறைக் காலம். தெளிந்த ஓடை கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பொருளை எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் ஓடை தாண்டும் பாதை எதிலும் இருக்கக் கூடாது.

வண்டியை விட்டுவிட்டால், அடுத்த வண்டி வருமென்று இருட்டும் வரை அடிவார ஸ்டாப்பில் உட்காராதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஆட்டோ பிடித்துப் பெரிய சாலைக்கு வந்துவிட வேண்டும். திருக்குறுங்குடி என்றால் ஏர்வாடி அல்லது வள்ளியூர், காரையாறு பக்கம் என்றால் செக்போஸ்ட்டில் சொல்லி இறங்கும் வண்டி எதிலாவது பாபநாசம், தோரணமலை என்றால் கடையம். ஆட்டோக்காரர் நம்பரைக் காலையில் போகும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். மலைக்குள் சிக்னல் இருக்காது, இறங்கி வருவதற்குள் போனில் சார்ஜும் இருக்காது.