இரண்டடி பிளான்டட் டேங்கில் பாசியைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

மீன் தொட்டிக்குள் உயிருள்ள செடி வளர்ப்பதுதான் பிளான்டட் டேங்க். சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரில் ஆசை ஆசையாகச் செடி வாங்கி வந்து நடுவார்கள். சில வாரத்தில் கண்ணாடியில் பழுப்பாக ஏதோ படியும். உடனே கடைக்கு ஓடி பாசி மருந்து கேட்பார்கள். அந்த மருந்தை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செடிக்கும் பாசிக்கும் சாப்பாடு ஒன்றுதான்: வெளிச்சம், கார்பன் டை ஆக்சைடு, உப்புச் சத்துகள். செடி மும்முரமாக வளரும் தொட்டியில் பாசி தலைதூக்குவது கஷ்டம். செடி திணறி இலை அழுக ஆரம்பித்தால் பாசிக்குக் கொண்டாட்டம். அதனால் கீழே சொல்லும் வேலைகளில் முக்கால்வாசி செடிக்கானவை.

24×12×12 அங்குலத் தொட்டி, கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர் கிடையாது, மண்ணும் கல்லும் போக சுமார் 50 லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கில் சொல்கிறேன்.

1. முதலில் லைட்டைக் குறையுங்கள்

வெளிச்சம் கூடினால் செடியின் பசியும் கூடும். சிலிண்டர் இல்லாத தொட்டியில் அந்தப் பசிக்கு ஈடாகக் கார்பன் கிடைக்காது. மிச்ச வெளிச்சம் பாசிக்குப் போகும். எனவே ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போதும். கையால் போட்டு அணைக்காமல் ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி வேண்டாம்.

புது இலைகள் சுத்தமாக வந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் கூட்டலாம். 8 மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். மீன் பார்க்க ராத்திரி பதினொரு மணி வரை லைட் எரியவிடும் பழக்கம் இருந்தால், டைமரைச் சாயங்காலம் ஐந்துக்குத் தொடங்குமாறு வைத்துவிட்டால் சரி.

2. நட்டால் நிறைய நடுங்கள்

அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கு செடி வைத்தால் பாசிதான் ஜெயிக்கும். தரையில் பாதிக்கு மேல் முதல் நாளே செடி இருக்கட்டும். வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, ஹார்ன்வொர்ட் போன்ற வேகமாக வளர்பவை அதிகம் வேண்டும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் தடித்த கிழங்குத் தண்டையும் மண்ணில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டுங்கள்.

கடைச் செடிகள் பல, நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை. தொட்டிக்குள் வந்ததும் பழைய இலைகள் கரைந்து, தண்ணீருக்கேற்ற இலைகள் புதிதாக வரும். இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்டியை இடம் மாற்றினாலே மொத்தமாகக் கரைந்துபோவதுண்டு. வேரைப் பிடுங்காமல் விட்டுவைத்தால் திரும்பத் துளிர்க்கும். கரையும் இலைகளை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

3. தண்ணீர்

முதல் மாதம் வாரம் இரண்டு முறை, அப்புறம் வாரம் ஒருமுறை, மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். புதுத் தொட்டியில் அம்மோனியா ஏறும், அது பாசியைத் தூண்டும், மீனையும் கொல்லும். மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் போடாமல் ஊற்றாதீர்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவ வேண்டாம். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரில் பிழிந்தால் நல்ல பாக்டீரியா பிழைக்கும்.

கோடையில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். ஆவியானதை ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் வீசவிடுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

4. செடிக்குச் சாப்பாடு

பாசி வந்தால் உரத்தை நிறுத்து என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டினி கிடக்கும் செடி பாசியோடு போட்டி போடாது. எது குறைகிறது என்பதை இலையே சொல்லும்.

அடி இலைகள் மஞ்சளானால் நைட்ரஜன் பற்றாக்குறை. பழைய இலையில் குண்டூசி குத்தியது போல் ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் பொட்டாசியம். நுனித் துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்பிவிடும், இரும்பை அப்படி நகர்த்த முடியாது. குறை தெரியும் இடம் வேறுபடுவது இதனால்தான். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள். அது விதைத்தூள், நோய் இல்லை.

உரக்கடையில் கிடைக்கும் 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 50 லிட்டரில் 1 கிராம் கரைத்தால் நைட்ரேட் சுமார் 12 பிபிஎம் (லிட்டருக்கு 12 மில்லிகிராம்) ஏறும். வாரம் அரை கிராமில் தொடங்குங்கள். மாடித்தோட்டத்துக்கு வாங்கிய 19-19-19 மிச்சமிருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு. இரும்பு உரம் வாங்கும்போது லேபிளில் எந்த வகை என்று பாருங்கள்: போர் தண்ணீர் போன்ற காரத் தண்ணீரில் இடிடிஏ (EDTA) வகை சீக்கிரம் வீணாகும், டிடிபிஏ (DTPA) வகை தாங்கும்.

5. வந்திருப்பது எந்தப் பாசி?

புதுத் தொட்டியில் துடைத்தால் போய்விடும் பழுப்புப் படிவு, டயாட்டம் என்ற நுண்பாசி. ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருங்கள், தொட்டி பழகப் பழகத் தானே அடங்கும். கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளிகள் என்றால் பழைய ஏடிஎம் கார்டு அல்லது பிளேடால் சுரண்டுங்கள். லைட் அதிகம், பாஸ்பேட் குறைவு என்பதே வழக்கமான காரணம். நூல்பாசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி இழுத்தால் கொத்தாக வரும்.

தண்ணீரே பச்சையாகிவிட்டால் மாற்றி மாற்றி ஊற்றிப் பயனில்லை. லைட்டை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூன்று நான்கு நாள் முழுக்க மூடி, ஏர் பம்ப்பை ஓடவிடுங்கள். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நீலப்பச்சையில் வழவழவென்று, தொட்டால் தாள் போல உரிந்து, மண்வாடை அடிப்பது உண்மையில் பாக்டீரியா. டியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு இதே இருட்டு வைத்தியம் செய்யலாம். தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலைகளில்தான் அது பிடிக்கும் என்பதால் ஃபில்டர் வாயை அந்தப் பக்கம் திருப்பிவையுங்கள்.

தலைவலி என்றால் கரும்தாடிப் பாசிதான். அனுபியாஸ் இலை ஓரத்தில் கறுப்புக் குச்சங்களாக நிற்கும், தேய்த்தாலும் போகாது. மோசமான இலைகளை வெட்டிவிடுங்கள். மீதிக்கு, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். லேபிளில் 6 சதவீதம் என்றிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்குங்கள். செடியைக் கல்லோடு வெளியே எடுத்து, பாசி மேல் மட்டும் பிரஷ்ஷால் தடவி, இரண்டு நிமிடம் கழித்து நன்றாக அலசி உள்ளே வையுங்கள். சில நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாக மாறினால் பாசி செத்துவிட்டது என்று அர்த்தம். ஜாவா மாஸ் போன்ற மாஸ் செடிகள், வாலிஸ்னேரியா மீது இதை முயல வேண்டாம்.

6. பாசி தின்னும் ஆட்கள்

ஆட்டோசின்க்ளஸ் மீன், நெரைட் நத்தை, அமானோ இறால் மூன்றும் நன்றாக உழைக்கும். தொட்டி வைத்து இரண்டு மாதமாவது ஆன பிறகு விடுங்கள், புதுத் தொட்டியை ஆட்டோசின்க்ளஸ் தாங்காது. கடைக்காரர் 'எல்லாப் பாசியையும் இதுவே தின்னுடும் சார்' என்று சக்கர் ஃபிஷ் குட்டியை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓரடிக்கு மேல் வளரும், கழிவையும் அதே அளவுக்குப் போடும், இரண்டடித் தொட்டியில் நட்ட செடி நிற்காது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏரியில் விட வேண்டாம். அப்படி விட்டவை தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, இப்போது மீனவர் வலைகளில் சிக்கிக்கொண்டிருக்கின்றன.