கயிற்றுக்கு என்ன டென்ஷன்? காலேஜ் இங்கிலீஷுக்குச் சொல் சேர்ப்பது எப்படி

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்ந்தவர்கள் 'அவசரம்' என்ற சொல்லில் ஒரு தடவையாவது மாட்டியிருப்பார்கள். நமக்கு அது பரபரப்பு, மலையாளத்தில் வாய்ப்பு, சித்தூருக்குப் போனால் (நம் பாலக்காட்டுச் சித்தூர் இல்லை, ஆந்திராச் சித்தூர்) தெலுங்கில் தேவை. சொல் ஒன்றுதான், எல்லை தாண்டினால் அர்த்தம் மாறிவிடுகிறது. காலேஜ் பாடப்புத்தக இங்கிலீஷும் இதே வேலையைத்தான் காட்டும், அதனால் நம்மைக் கவிழ்ப்பது தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான்.

எனக்கு இது புரியவே ஒரு செமஸ்டர் ஆனது. தமிழ் மீடியத்தில் பன்னிரண்டு முடித்துவிட்டுப் போன வேகத்தில் டிக்‌ஷனரியை எடுத்து, ஏ-யிலிருந்து தினம் முப்பது சொல் என்று உருப்போட்டேன். இரண்டு வாரத்தில் முதல் வாரச் சொல் ஒன்றுகூட மிச்சமில்லை. அப்புறம் ஃபிசிக்ஸ் வகுப்பில் சார் கயிற்றின் டென்ஷன் என்றார், கயிற்றுக்கு என்னடா டென்ஷன் என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. இழுவிசை என்று பள்ளியில் படித்திருந்தோம், அதுதான் இது என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, நீங்கள் தினம் தமிழோடு கலந்து பேசும் இங்கிலீஷ் சொற்களைச் சந்தேகப்படுவது. ஃபங்க்‌ஷன் என்றால் நமக்குக் காதுகுத்து, கல்யாணம். கணக்கில் அது சார்பு, பயாலஜியில் ஓர் உறுப்பு செய்யும் வேலை. டிஸ்கவுண்ட் ஆடி மாதத்தோடு முடிவதில்லை, ஒரு வாதத்தை டிஸ்கவுண்ட் செய்தார் என்றால் அதைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கினார் என்று அர்த்தம். சப்ஜெக்ட் என்பது ஆய்வில் சோதனைக்கு உட்படும் ஆள். ஃபிகர் என்றால் படம், இல்லாவிட்டால் எண் (சிரிக்காதீர்கள், பரீட்சைத் தாளில் வரும்).

சரி, எந்தச் சொல்லைப் படிப்பது? நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று நான்கு துறைகளின் எழுத்திலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களை அலசி, எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) எடுத்தார். அடிப்படைச் சொல் 2,000 தெரியும் என்று வைத்துக்கொண்டு அதற்கு மேலே தொடங்கும் பட்டியல் இது. பாடநூல் பக்கத்தில் நூறு சொல்லுக்குப் பத்து இதற்குள் வந்துவிடும். அனலைஸ், அஸ்யூம், டெரைவ் (derive), ஃபேக்டர் எல்லாம் முதல் 60-இலேயே இருக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். நர்சிங் படிப்பவர்களுக்கு இது மட்டும் போதாது, மருத்துவம் அந்த நான்கு துறையில் இல்லை. உங்கள் பாடச் சொற்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நோட்டில் எழுதும் விதம்தான் முக்கியம். இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் தமிழ் என்று கோடு போட்டு எழுதினால் என் முப்பது சொல் கதைதான். ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் விடுங்கள். உதாரணத்துக்கு கண்டக்ட். பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் தெரியும், அவர் பெயருக்குள் இருக்கும் வினைதான் இது. முதலில், அதைப் பார்த்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அடுத்து அது யாரோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள்: சர்வே, எக்ஸ்பெரிமென்ட், இன்டர்வியூ, இவற்றோடு வந்தால் நடத்துவது, காப்பர், ஹீட், எலக்ட்ரிசிட்டி பக்கத்தில் வந்தால் கடத்துவது. கீழே குடும்பம்: கண்டக்டர், கண்டக்‌ஷன், கண்டக்டிவிட்டி. கடைசியாக உங்கள் பாடத்தை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் இப்படிச் செய்தால் போதும், பத்துக்கு ஆசைப்பட்டால் ஐந்தும் போய்விடும்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழிலும் இங்கிலீஷிலும் இணையத்தில் இலவசம். கேரள அரசின் எஸ்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பாடநூல்களிலும் தமிழ் மீடியப் பதிப்பு உண்டு. பதினொன்றாம் வகுப்புப் பயாலஜியில் ஒரு பாடத்தைத் தமிழில் படித்து முடித்துவிட்டு, உடனே அதே பாடத்தை இங்கிலீஷில் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தலையில் இருப்பதால் சொல்லை மட்டும் பிடித்தால் போதும், ஒவ்வொரு வரிக்கும் டிக்‌ஷனரியைப் புரட்ட வேண்டியதில்லை. எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

வேரை வைத்து ஊகிப்பதும் உதவும், ஓரளவுக்கு. செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகளைப் பார்த்தால் எக்ஸ்போர்ட், இம்போர்ட், டிரான்ஸ்போர்ட் மூன்றும் மறக்காது. அந்த 'போர்ட்' லத்தீனில் சுமப்பது. அதே தைரியத்தில் ஏர்போர்ட்டைப் பிரித்தால் தப்பு, அங்கே வருவது துறைமுகம் என்ற வேறு லத்தீன் சொல். ஊகித்த பிறகு ஒரு தடவை டிக்‌ஷனரியைப் பாருங்கள்.

மறதிக்கு மருந்து, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது. ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே மறதியைத் தன்மேல் சோதித்து அளந்தார், லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972-இல் சொல் அட்டைகளைப் பெட்டி மாற்றி மாற்றிப் படிக்கும் முறையைப் பிரபலமாக்கினார். காலி மிக்சர் டப்பா நான்கு போதும். வாக்கியத்தை எழுதிச் சொல்லின் இடத்தைக் காலியாக விட்ட அட்டைகளை முதல் டப்பாவில் போட்டுத் தினமும் பாருங்கள், சரியாகச் சொன்னது அடுத்த டப்பாவுக்குப் போகும். இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது மாதம் ஒருமுறை. தப்பாகச் சொன்னால், அட்டை எங்கே இருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்ப வேண்டும். போனில்தான் படிப்பேன் என்றால் ஆங்கி என்ற செயலி இதே வேலையைச் செய்யும்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐம்பது பேரைக் கேட்டு ஒரு சர்வே செய்துவிட்டு, இது ப்ரூவ் ஆகிவிட்டது என்று எழுதுவோம்; கைடு அதைச் சிவப்பு மையில் வட்டமிடுவார். அந்த இடத்துக்கு சஜஸ்ட், இண்டிகேட் என்ற சொற்கள் இருக்கின்றன. சஜஸ்ட் என்றால் நமக்கு யோசனை சொல்வது, ஆய்வுக் கட்டுரையில் 'இப்படித்தான் போலத் தெரிகிறது' என்பது. நம் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த பெரியம்மா 'நல்ல குடும்பம் மாதிரிதான் தெரியுது' என்று இழுப்பார்களே, அதே அளவுதான்.