உரசிச் செல்லும் அயனியின் ஒளியில் வட்ட முனைவாக்கத்தை அளப்பது எப்படி

வழவழப்பான உலோகப் பரப்பின் மேல் 1 டிகிரி சாய்வில் அயனிக் கற்றையை விட்டால், அயனிகள் உள்ளே புதையாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும். போகிற போக்கில் எலக்ட்ரானைப் பிடித்துக் கிளர்ச்சி நிலையில் கிளம்புபவை உமிழும் ஒளியில் வட்ட முனைவாக்கம் (ஒளியின் மின்புலம் ஒரே திசையில் சுழன்றபடி செல்வது) பலமாக இருக்கும். 1970-களின் நடுவில் இயற்பியலாளர் ஆன்ட்ரே குழுவினர் காட்டிய விளைவு இது. அயனியின் பக்கமிருந்து பார்த்தால் பரப்பின் எலக்ட்ரான்கள் பின்னோக்கி ஓடுகின்றன. கீழ்ப்புறத்தில் பிடிபடுவதால் ஒரே திசைச் சுழற்சியோடு ஒட்டிக்கொள்கின்றன. தரையில் உருளும் பந்தின் சுழற்சிதான். ஆகவே ஒளியைப் பார்க்க வேண்டிய திசை அந்தச் சுழற்சியின் அச்சு, அதாவது பரப்புக்கு இணையாகவும் கற்றைக்குச் செங்குத்தாகவும் உள்ள திசை.

தொடங்க ஆர்கான் நல்லது. ஆர்கான்-40 அணுக்கருவுக்குத் தற்சுழற்சி கிடையாது. எலக்ட்ரானின் சுழற்சியில் கரு பங்கு கேட்காது. 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், 461 நானோமீட்டர் அலைநீளமுள்ள நிறமாலை வரி போதும். 1 டிகிரியில் பரப்புக்குச் செங்குத்தான ஆற்றல் வெறும் 91 எலக்ட்ரான் வோல்ட். 5 டிகிரிக்கு உயர்த்தினால் அது 2,280 ஆகி, அயனி பரப்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும்.

கற்றையின் உயரத்தைப் பிளவுகளால் 0.1 மி.மீ.க்குக் குறுக்குங்கள். 1 டிகிரியில் அது பரப்பின் மேல் 5.7 மி.மீ. நீளத்துக்குப் படரும். 0.2 மி.மீ. என்றால் 11.5 மி.மீ.; 10 மி.மீ. படிகத்தின் விளிம்பில் மோதிச் சிதறும். கோணத்தைச் சரிபார்க்க, 500 மி.மீ. தள்ளி ஒளிர்திரை வையுங்கள். எதிரொளித்த புள்ளி நேர்க்கற்றையிலிருந்து 17.5 மி.மீ. விலகியிருக்க வேண்டும். புள்ளி வாலாக நீண்டால் பரப்பு கரடுமுரடு என்று பொருள்.

உழைப்பில் பெரும்பங்கு பரப்புக்குத்தான். தாமிர (111) படிகத்தை, அதாவது அணுக்கள் மிக நெருக்கமாக அமைந்த தளம் மேற்பரப்பாக உள்ள படிகத்தை, 0.1 டிகிரிக்குள் சரியான தளத்தில் மெருகேற்றியிருக்க வேண்டும். பிறகு 1–2 டிகிரி சாய்வில் ஆர்கான் கற்றையால் அரித்து, ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் சூடேற்றி ஆற விடுங்கள். அரிக்கும்போது படிகத்தை அதன் செங்குத்து அச்சில் சுழற்றிக்கொண்டே இருங்கள். நிறுத்திவைத்தால் வரிப்பள்ளம் விழும். புள்ளி சுருங்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், குறுக்கு வழி இல்லை. வெற்றிடம் 10⁻¹⁰ மில்லிபார் அளவில் இருந்தால் சில மணி நேரம் பரப்பு சுத்தமாக நிற்கும். 10⁻⁶ என்றால் சில நொடிகளில் வாயு படிந்துவிடும். அளக்கும்போது கற்றை, அணுவரிசைகளின் திசையில் ஓடாதபடி படிகத்தைச் சில டிகிரி திருப்பிவையுங்கள்.

ஒளி முதலில் கால் அலைத் தகட்டையும் (வட்ட முனைவாக்கத்தை நேர்கோட்டு முனைவாக்கமாக மாற்றுவது), அடுத்து நேர்கோட்டு முனைவாக்கியையும், பிறகு ஒற்றைநிறமாக்கியையும் (ஒரே அலைநீளத்தைப் பிரித்தெடுப்பது) கடக்க வேண்டும். தகட்டை மட்டும் +45, −45 டிகிரிக்குத் திருப்புங்கள், முனைவாக்கியைத் தொடாதீர்கள். ஒற்றைநிறமாக்கிக்குள் இருக்கும் கீற்றணியின் திறன் முனைவாக்கத் திசைக்கேற்ப மாறும், முனைவாக்கியைத் திருப்பினால் அந்தக் கோளாறு கணக்கில் ஏறிவிடும். தகட்டின் இரு நிலைகளிலும் கிடைக்கும் ஒளித்துகள் எண்ணிக்கைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வட்ட முனைவாக்க அளவு கிடைக்கும். 9,000, 1,000 என்றால் 0.80, புள்ளியியல் பிழை சுமார் 0.006.

இதே கணக்கில் இரண்டிலும் 500 பின்னணி எண்ணிக்கை கலந்திருந்தால் விடை 0.73 ஆகிவிடும். மதிப்பு குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அயனி அழுத்தமானியின் இழை எரிந்தால் அந்த வெளிச்சமும் உள்ளே வரும், அணைத்துவிடுங்கள். பரப்பிலிருந்து பிய்த்தெறியப்பட்ட தாமிர அணுக்களும் ஒளிரும், ஆனால் அவை மெதுவானவை, படிகத்தை விட்டு வெகுதூரம் போகா. ஆர்கான் அயனி நானோநொடிக்கு 1.2 மி.மீ. ஓடும். எனவே படிக விளிம்பைத் தாண்டிச் சில மி.மீ. தள்ளி நோக்குங்கள்.

அடுத்த சந்தேகம் தகட்டின் மீது. 589 நானோமீட்டருக்கான தகட்டை 461-க்குப் போட்டால் ஒளியின் இரு கூறுகளுக்கிடையே தகடு உண்டாக்கும் தாமதம் 90-க்குப் பதில் சுமார் 115 டிகிரி. அளவு 9 சதவீதம் குறையும். வெற்றிடக் கலத்தின் கண்ணாடிச் சாளரமும் இறுக்கத்தால் முனைவாக்கத்தைக் குலைக்கும். முனைவாக்கமற்ற விளக்கு பூச்சியம் காட்டிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். சாளரத்துக்கு முன் அறிந்த வட்ட முனைவாக்க ஒளியை விட்டும் பாருங்கள்.

ஹீலியத்தின் 388.9 நானோமீட்டர் வரிக்கு மாறுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அதை உமிழும் கிளர்ச்சி நிலை சுமார் 100 நானோநொடி வாழ்கிறது. பூமியின் காந்தப்புலமே அதற்குள் சுழற்சி அச்சைப் பல பத்து டிகிரி திருப்பிவிடும். ஆர்கானில் தேவைப்படாத, அந்தப் புலத்தை ஈடுசெய்யும் கம்பிச்சுருள்கள் இங்கே கட்டாயம்.