தள்ளாடும் தொழில் நகரில் குடியேறுவது எப்படி: திருப்பூரை முன்வைத்து ஒரு கணக்கு

பனியன், பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் திருப்பூருக்கு வேலை தேடி வருபவரிடம் இரண்டு கதைகள் தவறாமல் சொல்லப்படும். வெறுங்கையோடு பஸ் இறங்கியவர் பத்தே ஆண்டில் நான்கு மெஷின் போட்டு, பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் யூனிட் ஆரம்பித்த கதை ஒன்று; ஆர்டர் நின்று, கடன் ஏறி, கம்பெனியைப் பூட்டிவிட்டு ஒரே இரவில் ஊர் திரும்பியவரின் கதை மற்றொன்று. இரண்டும் இங்கே நடந்தவைதான். ஆனால் குடும்பத்தோடு குடியேற வேண்டுமா என்று யோசிப்பவருக்கு இரண்டாலும் பெரிய பயன் இல்லை. 2004-இல், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்கு வந்து, இப்போது ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தரப் பிரிவில் இருக்கும் நான், வருகிறவர்கள் எதை எதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஊர் தள்ளாடுவது எப்படி வீட்டுக்குள் வருகிறது

திருப்பூர் அடி வாங்குவது புதிதல்ல. நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு கெடுத்த வழக்கில், 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னபோது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் கீழே இருந்த விவசாயிகளின் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆயினும் வீரபாண்டியில் நான் அப்போது குடியிருந்த லைன் வீட்டில், எட்டுக் குடும்பங்களில் ஐந்து குடும்பங்கள் பங்குனி முடிவதற்குள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. பிறகு 2016-இல் பணமதிப்பிழப்பும், அடுத்த ஆண்டே ஜிஎஸ்டியும், 2020-இல் ஊரடங்கும் வந்தன. 2022 மே மாதத்தில் நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்துக் கம்பெனிகளே உற்பத்தியை நிறுத்தின. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமானபோது, அந்த நாட்டுக்குப் போகும் ஆர்டர்களை மட்டுமே நம்பியிருந்த யூனிட்டுகள் திணறின.

இந்த அடிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தாலும், தொழிலாளியின் வீட்டுக்குள் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் நுழைகின்றன. முதலில் இரவு வேலை நிற்கும். அடுத்து, சனிக்கிழமை மாலை கைக்கு வர வேண்டிய சம்பளம் திங்கள், செவ்வாய் என்று தள்ளிப்போகும். அதன் பிறகு வாரத்தில் நான்கு நாள் வேலை என்பார்கள். "இனி வர வேண்டாம்" என்று வாயால் சொல்கிற கம்பெனிகள் குறைவு. ஆள் தானாகப் போகும்வரை வேலையைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் இங்கத்திய வழக்கம். இந்த வரிசை தெரிந்தவருக்கு ஆறு வாரமாவது முன்னறிவிப்புக் கிடைக்கும்.

ஒரு ஷிப்டுக்கு வாழ்வது

இந்த ஊரில் ஒரு ஷிப்ட் என்பது எட்டு மணி நேர வேலை. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடியும். அதற்கு மேல் இரவு எட்டரை, ஒன்பது வரை உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட். நள்ளிரவு தாண்டினால் இரண்டு. ஊரில் இருந்து அழைத்து வருகிற சொந்தக்காரர் சம்பளத்தைச் சொல்லும்போது ஒன்றரை ஷிப்ட் கணக்கையே சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை; சீசனில் அவ்வளவு வருவது உண்மைதான்.

கணக்குக்காக ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வாரத்துக்கு 4,500 ரூபாய். ஒரு ஷிப்ட் மட்டும் என்றால் 3,000. வேலை நான்கு நாளாகக் குறைந்தால் 2,000. வாடகை, பள்ளிக் கட்டணம், சீட்டு, பைக் தவணை ஆகியவற்றை 4,500-க்கு ஏற்ப அமைத்துக்கொண்ட குடும்பம், மந்தம் வந்த மூன்றாவது வாரமே வட்டிக்கு வாங்கும். 3,000-க்கு அமைத்துக்கொண்ட குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சீசனைக் கடந்துவிடும். நான் பார்த்தவரை இங்கே நிலைத்தவர்களுக்கும் நிலைக்காதவர்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் திறமையைவிட இந்தக் கணக்கில்தான் அதிகம் இருந்தது. மேல் அரை ஷிப்டுக்கு வருகிற பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, நான்கு மாத வாடகையும் மளிகைச் செலவும் சேரும்வரை தொடாமல் இருப்பது நல்லது. சீட்டில் போட்டால் அவசரத்துக்கு அதைத் தள்ளித்தான், அதாவது ஏலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான், எடுக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தைக்கும் ஆடையின் ஸ்டைல் மாறும்போது முதல் இரண்டு மூன்று நாள் கை ஓடாது, வருமானம் பாதியாகிவிடும். அந்த நாட்களையும் கழித்துவிட்டுத்தான் மாத வருமானத்தை மதிப்பிட வேண்டும்.

வருவதற்கு முன் ஊரைப் படிப்பது

செய்தித்தாளில் ஏற்றுமதித் தொகை இத்தனை ஆயிரம் கோடி என்று வருவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஊர் முழுவதற்குமான தொகை ஏறிய ஆண்டிலும் சிறிய யூனிட்டுகள் மூடப்பட்டிருக்கின்றன. இரண்டு நாள் இங்கே வந்து தங்கி, கண்ணால் பாருங்கள். கம்பெனிகளின் கேட்டில் "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை, கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை" என்று தகரப் பலகைகள் தொங்கும் (முதல் மூன்றும் தையல் மெஷின்களின் பெயர்கள்). வேலை நிறைய இருக்கும் காலத்தில் ஒரே தெருவில் பத்துப் பலகைகளைப் பார்க்கலாம். மந்தத்தில் பலகையைக் கழற்றிவிடுவார்கள், அல்லது அழுக்குப் படிந்து திருப்பிப் போட்டிருக்கும். அதே தெருவில் "வீடு வாடகைக்கு" என்ற அட்டைகள் எத்தனை என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். முதலாவது குறைந்து இரண்டாவது கூடியிருந்தால் இது வருவதற்கான நேரமல்ல.

இதைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. பதினோரு மணிக்கும் நான்கு மணிக்கும் டீக்கடைக்காரர் கம்பெனிகளுக்குக் கேனில் டீ கொண்டுபோவார். எங்கள் கம்பெனிக்கு டீ கொண்டுவரும் அண்ணன், கேனின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒவ்வொரு கம்பெனிக்கும் எத்தனை டீ என்று எழுதி வைத்திருப்பார். 2025 செப்டம்பரில் ஒரு நாள் அந்த எண்களைக் காட்டினார்: 140 என்று இருந்ததை அடித்து 90, பிறகு அதையும் அடித்து 55. நிர்வாகம் எங்களிடம் அப்போது எதுவும் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் சேரப்போகும் கம்பெனிக்கு எதிரில் உள்ள டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, "இங்க வேலை எப்படிங்கண்ணா போகுது?" என்று கேட்டால் போதும், மனிதவளப் பிரிவில் கிடைக்காத பதில் கிடைக்கும்.

வீடு பார்ப்பது

பெரும்பாலும் முதலில் கிடைப்பது லைன் வீடுதான்: ஒரே வரிசையில் ஆறு அல்லது எட்டு வீடுகள், பொதுவான கழிப்பறை, பொதுவான தண்ணீர்த் தொட்டி. வாடகையைக் கேட்பதற்கு முன் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்றும், போர்வெல்லில் வருவதை உப்புத் தண்ணீர் என்றும் இங்கே சொல்வார்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல், அங்கே குடியிருக்கும் பெண்களிடம் கேட்பதே சரியான விவரம் தரும். போர்த் தண்ணீரைத் தரையில் கொஞ்சம் ஊற்றிக் காயவிட்டுப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்தால் பாத்திரமும் துணியும் தலைமுடியும் என்ன ஆகும் என்பது புரிந்துவிடும்.

மின்கட்டணம் அடுத்தது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தமிழகம் முழுவதற்கும் பொருந்தும். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே இணைப்பை வைத்து, உள்ளே துணை மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் இடங்களில் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கு வந்து சேராது. இதனால் வாடகை 500 ரூபாய் குறைந்த வீடு மொத்தச் செலவில் கூடுதலாகிவிடுவதும் உண்டு. ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் போன்ற ஓடைகளை ஒட்டிய தாழ்வான வீடுகள் மலிவாகக் கிடைக்கும். 2011 நவம்பரில் அங்கே வெள்ளம் புகுந்து உயிர்களும் போயின என்பதை அறிந்துகொண்டு முடிவெடுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு ஆனாலும் எழுதி வாங்குங்கள். மந்தத்தில் காலி செய்யும் நாளில்தான் அந்தச் சீட்டின் அருமை தெரியும். அன்று எல்லோருமே காலி செய்வதால், அடுத்த ஆள் வந்த பிறகு தருகிறேன் என்பார் வீட்டுக்காரர்.

நன்மை எங்கே இருக்கிறது

இவ்வளவையும் படித்துவிட்டு, பிறகு எதற்காக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். வேறு ஊரில் எளிதாகக் கிடைக்காத சில வசதிகள் இங்கே இருக்கின்றன. சான்றிதழ் கேட்காமல் ஆளைச் சேர்ப்பார்கள். பிசிறு வெட்டுவதில் தொடங்கிய பெண் கண்ணால் பார்த்துப் பழகியே டெய்லராகலாம். கணவன், மனைவி இருவருக்கும், சில வேளைகளில் மாமியாருக்கும் நடக்கிற தூரத்தில் வேலை கிடைக்கும். பெண்ணின் கையில் வாரம்தோறும் பணம் புழங்குவது வீட்டுக்குள் பேச்சின் தொனியையே மாற்றுவதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன். தென்மாவட்டத்துக்காரர்களோடு பீகார், ஒடிசா ஆட்களும் நிறைந்த ஊர் என்பதால், யார் எந்த ஊர், எந்த ஆள் என்று துருவிக் கேட்க யாருக்கும் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைப் பக்கம் போனால் தமிழைவிட இந்தி அதிகம் காதில் விழும். அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிகள் சங்கங்களுக்கும் இடையே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பனியன் தொழிலுக்குப் பொதுவான கூலி ஒப்பந்தம் போடப்படுகிறது. உங்கள் பிரிவுக்கு அதில் என்ன கூலி என்பதை ஏதாவது ஒரு சங்க அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எல்லாக் கம்பெனியும் அதைத் தருவதில்லை என்றாலும், பேரம் பேச ஒரு எண் கையில் இருப்பது நல்லது.

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருக்கும் கம்பெனியில், கூலி சற்றுக் குறைவானாலும் சேருங்கள் என்பதே என் கருத்து. சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் தொழிலாளியிடமிருந்து இஎஸ்ஐக்குப் பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வாரத்தில் நான்கு நாளாக வேலை குறையும்போது இந்த 78 நாள் கணக்கு நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்: நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பதினான்கு மாதம் பிஎஃப் பிடித்து, ஐந்து மாதம் மட்டுமே கட்டியிருந்தார்கள். அதை நான் அறிந்தபோது கம்பெனி பெயர்ப் பலகையே மாறிவிட்டிருந்தது. இப்போது பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வைத்து மாதம்தோறும் செல்போனிலேயே பார்த்துவிடலாம். இரண்டு மாதம் விடுபட்டிருந்தால் உடனே கேளுங்கள்.

பிள்ளைகள்

இந்த ஊரின் மிகப் பெரிய தீமை என்று நான் கருதுவது சாயமோ போக்குவரத்து நெரிசலோ அல்ல. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் கோடை விடுமுறையில் "சும்மா ஒரு மாசம்" என்று கம்பெனிக்குப் போவான். சனிக்கிழமை கையில் பணம் வரும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஆர்டர் உச்சத்தில் இருக்கும். மேஸ்திரி வீடு தேடி வந்து அழைப்பார். வாடகை பாக்கியும் இருக்கும். என் தெருவிலேயே அப்படி நின்றுபோன மூன்று பேரைச் சொல்ல முடியும். பதினான்கு வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பது குற்றம் என்பது சட்டம். அதற்கு மேல் இருக்கும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்த வேண்டியவர்கள் வீட்டார்தான். இருவரும் இரவு ஒன்பது வரை வேலையில் இருந்தால் பிள்ளை மாலை ஐந்து முதல் யாரிடம் இருக்கும் என்பதற்கு விடை தெரியாமல் குடும்பத்தை அழைத்து வராதீர்கள். இருவரில் ஒருவர் ஐந்தரைக்கு எழுந்து வந்துவிடுவது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்தோம். அந்த அரை ஷிப்டைப் பதினோரு ஆண்டுகள் இழந்தாள் என் மனைவி. மகள் இப்போது முதலிபாளையத்தில் உள்ள ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் படிக்கிறாள்.

மந்தம் வந்துவிட்டால்

இரவு வேலை நின்ற வாரமே செலவைக் குறையுங்கள். சம்பளம் தள்ளிப்போகும்வரை காத்திருக்க வேண்டாம். உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன், ஜட்டி தைக்கும் கம்பெனிகள் ஏற்றுமதியோடு சேர்ந்தே எப்போதும் விழுவதில்லை என்பதால், அங்கே தெரிந்தவர் ஒருவரின் எண்ணையாவது முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். சுற்றுவட்டாரத்தில் அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளும் பல்லடம் விசைத்தறிகளும் கோழிப்பண்ணைகளும் இருக்கின்றன. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு பக்கம் கோயம்புத்தூரும் மறுபக்கம் ஈரோடும் உள்ளன. ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தால், நகைக்கடனைத் திருப்பாமல், ரசீதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். 2011-இல் வீரபாண்டியை விட்டுப் போன ஐந்து குடும்பங்களில் மூன்று குடும்பங்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் திரும்பி வந்தன. அவற்றில் ஒரு குடும்பம் அதே லைன் வீட்டுக்குத்தான் வந்தது. பழைய அட்வான்ஸ் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்ததால் புதிதாகப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை.